மூணு மணி நேரம் தூங்கிட்டு அசதியே இல்லாமல் இருக்கிறார், இது பைபோலாரா?

வார்னிஷ்வாசம்
மார்ச் 9, இரவு 11.50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு 38 வயது. பொள்ளாச்சி பக்கம் ஒரு சின்ன ஊரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். தோட்டத்துக் கிணற்று மோட்டார், போர்வெல் சம்மர்சிபிள், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வரும். அதிகம் பேசமாட்டார். காயில் சுற்ற உட்கார்ந்துவிட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் கை நிற்காது.

போன நவம்பர் கடைசியில் ஆள் அப்படியே ஒடுங்கிப் போனார். காலையில் எழுவார், பல் விளக்குவார், திரும்பவும் போய்ப் படுத்துக்கொள்வார். "உடம்பு ஈரச் சாக்கு மாதிரி கனக்குது" என்பார். கடை பூட்டியே கிடந்தது. ஜனவரியில் நாங்கள் வழக்கமாகக் காய்ச்சலுக்குப் போகும் டாக்டரிடம் காட்டினோம். மனச்சோர்வு என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிப்ரவரி நடுவில் ஒருநாள் தானாகவே எழுந்து குளித்துக் கடைக்குக் கிளம்பினார். வீட்டில் எல்லோரும் கண்கலங்கிவிட்டோம். அத்தை மாசாணியம்மனுக்கு வேண்டியிருந்ததைப் போய்ச் செலுத்திவிட்டு வந்தார்கள்.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இரவு ஒரு மணிக்குப் படுக்கிறார், நாலு மணிக்குக் கடை ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்கிறது. பகலில் ஒரு கொட்டாவிகூட விடுவதில்லை. வாய் ஓயாமல் பேசுகிறார். ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று. வருகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் மோட்டார் கட்டிக் கொடுக்கிறார். எப்போதும் பத்துக் கிலோ, பதினைந்து கிலோ காப்பர் ஒயர்தான் வாங்குவார். போன வாரம் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு வந்து இறங்கியிருக்கிறது. கரண்டே இல்லாமல் ஓடும் மோட்டார் கண்டுபிடித்துவிட்டாராம், கலெக்டரைப் பார்க்கப் போகிறாராம். "கொஞ்சம் பொறுத்து யோசிக்கலாங்க" என்றேன். சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தார். பதினாலு வருஷத்தில் என்னைக் குரல் உயர்த்திப் பேசியவர் இல்லை.

இன்று அவருடைய வேலை நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு மோட்டாருக்கும் எத்தனை சுற்று, என்ன கேஜ் ஒயர் என்று எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதிவைப்பார். பிப்ரவரி 15 வரைக்கும் அப்படித்தான் இருக்கிறது. அப்புறம் எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்கு மூன்று வார்த்தைதான் பிடிக்கிறது, அதிலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே இரண்டு கோடு.

பைபோலார் என்று எங்கோ படித்தேன். அது ஒரே நாளில் சிரித்து அழுகிற நோய் என்று நினைத்திருந்தேன். இவர் அழுவதே இல்லை. இது நோயா, மாத்திரை செய்கிற வேலையா, இல்லை மூன்று மாதம் படுத்துக் கிடந்தவருக்கு வந்த சந்தோஷமா?

கொங்குத்தம்பி
மார்ச் 10, காலை 6.20

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதம் கடை பூட்டியிருந்தால் எந்த ஆம்பளைக்கும் விட்டதைப் பிடிக்கிற வேகம் வரும். அவசரப்பட்டு ஒரு பெயரை ஒட்டிவிடாதீர்கள். எங்கள் மாமா ஒருவரை 22 வயதில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். என்ன வியாதி என்று அவருக்கே தெரியாது, ஆனால் ஊருக்குள் "அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவன்" என்ற பெயர் நிலைத்துவிட்டது. கடைசி வரை பெண் கிடைக்கவில்லை. உங்களுக்குப் பெண் குழந்தை இருந்தால் அதையும் யோசியுங்கள்.

சிஸ்டர் அக்கா
மார்ச் 10, காலை 9.05

அம்மா, நான் அரசு மருத்துவமனையில் மனநல வார்டில் 26 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இது இன்னதுதான் என்று இங்கிருந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வாசித்ததும் என் கண் நின்ற இடம் தட்டு உடைந்ததோ காப்பர் ஒயரோ இல்லை. அந்தத் தூக்கம்தான்.

தூக்கம் வராமல் தவிக்கிறவர்களை நமக்குத் தெரியும். புரண்டு புரண்டு படுப்பார்கள், மறுநாள் கண் எரியும், எரிச்சல்படுவார்கள், மத்தியானம் சாய்ந்துவிடுவார்கள். இது அது இல்லை. இரண்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் புது பேட்டரி போட்ட மாதிரி நடமாடுவது. உடம்புக்குத் தூக்கமே தேவைப்படாமல் போவது. வார்டுக்கு வருகிற குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பதே, "எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறார்? எத்தனை நாளாக?" என்பதுதான்.

நாள் கணக்கு முக்கியம். மனசு கிளர்ந்து, ஒருத்தர் தன் இயல்புக்கு மாறாக ஒரு வாரமோ அதற்கு மேலோ, தினமும் நாளின் பெரும்பகுதி அப்படியே இருந்தால் அதை மேனியா என்கிறோம். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றிவிட்டால் ஒரு வாரம் ஆக வேண்டும் என்று பார்ப்பதில்லை. அதே குறிகள் கொஞ்சம் அடக்கமாக, குடும்பமும் வேலையும் குலையாத அளவுக்கு, நாலு நாளாவது நீடித்தால் ஹைப்போமேனியா. இதற்கு நேர்மாறாக மனச்சோர்வில் ஒடுங்கிப் போவதை இறக்கம் என்போம், அது இரண்டு வாரமாவது இருக்கும், பல மாதமும் நீளும். காலையில் சிரித்துச் சாயங்காலம் அழுவதைப் பைபோலார் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி மணிக்கொரு தரம் மாறுவதற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. இந்த நோய், ஏற்றமும் இறக்கமுமாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடிக்கிற அலை.

கூடவே நாங்கள் பார்ப்பது: தன்னால் ஆகாதது இல்லை என்கிற நினைப்பு, பேச்சின் வேகம், எண்ணங்கள் ஒன்றையொன்று முந்துவது, எதிலும் கவனம் நிலைக்காமல் தாவுவது, ஓயாமல் எதையாவது செய்துகொண்டே இருப்பது, யோசிக்காமல் காசை இறைப்பது, உடல் சம்பந்தமாக அளவு மீறுவது. மேனியா என்றாலே குஷியாக இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பாதிப் பேர் சிடுசிடுப்பாகத்தான் வருவார்கள். யாராவது குறுக்கே நின்றால் தட்டு பறக்கும். அந்தத் தட்டை உங்கள் மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் நீங்களும் குழந்தையும் எட்ட நில்லுங்கள்.

நீங்கள் கேட்ட சந்தோஷத்துக்கும் இதற்கும் வித்தியாசம் என்னவென்றால், சந்தோஷப்படுகிற மனுஷனுக்கு ராத்திரி தூக்கம் வரும். "போதும், நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்ல முடியும்.

மருத்துவ மாணவி 34
மார்ச் 10, மதியம் 1.40

மனநல மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன். சிஸ்டர் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது அவசரம்.

ஜனவரியில் ஆரம்பித்த அந்த மாத்திரை. பைபோலார் உள்ளவர்களுக்கு இறக்கம் முதலில் வந்தால் அது சாதாரண மனச்சோர்வு மாதிரியேதான் தெரியும், பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத் தருகிற மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலர் மேனியாவுக்குத் தாவிவிடுவார்கள். அதனால்தான் மனச்சோர்வு என்று யார் வந்தாலும், "இதற்கு முன்னால் எப்போதாவது தூக்கமே இல்லாமல், அசதியும் இல்லாமல், வழக்கத்தைவிட அதிகமாக ஓடிய நாட்கள் உண்டா? வீட்டில் யாருக்காவது அப்படி இருந்ததா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது. ஏறியிருந்த நாட்களை அவர் நோயாக நினைத்திருக்கவே மாட்டார், தன் வாழ்க்கையின் நல்ல நாட்கள் என்றுதான் சொல்வார். கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே அந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு மனநல மருத்துவரிடம் போங்கள். நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டாலும், சில போதைப் பொருட்களாலும் இப்படி வரலாம். அதையும் பரிசோதித்துப் பார்ப்பார்கள். பணம் ஒரு தடை என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு. இரவில் கைமீறினால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், 2022-இல் மத்திய அரசு ஆரம்பித்த இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

நடுநிசி
மார்ச் 10, இரவு 9.30

நான் இந்த நோய் உள்ளவன். வயது 41, ஆசிரியர் வேலை. 27 வயதிலிருந்து மருந்து சாப்பிடுகிறேன். வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். உள்ளே எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். உங்கள் கணவர் ஏன் டாக்டரிடம் வரமாட்டேன் என்பார் என்று புரியும்.

எனக்கு முதல் தடவை ஏறியபோது உலகத்தில் இருக்கிற எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. பஸ் நம்பருக்கும் அன்று நடத்தப் போகிற பாடத்துக்கும் சம்பந்தம் இருந்தது. சிவப்பு நிறம் இன்னும் சிவப்பாக இருந்தது. யாரைப் பார்த்தாலும் பாசம் பொங்கியது. எனக்குப் பைத்தியம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நன்றாக இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள் என்று நினைத்திருப்பேன். நினைத்தேன், சொன்னது என் அண்ணன். ஒன்பதாம் நாள் எனக்கு எல்லாமே அதிகமாகிவிட்டது. மின்விசிறிச் சத்தத்தில் என் பெயர் கேட்டது. பதினோராம் நாள் சேர்த்தார்கள்.

அதற்கு முன்னால் கல்லூரியில் இரண்டு தடவை மாதக்கணக்கில் படுத்துக் கிடந்திருக்கிறேன். சோம்பேறி என்றார்கள், காதல் தோல்வி என்றார்கள். முதல் இறக்கத்துக்கும் சரியான பெயர் கிடைத்ததற்கும் நடுவில் எனக்கு எட்டு வருடம் போய்விட்டது. அந்த எட்டு வருடத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. அதனால்தான் இங்கே யார் "இது பைபோலாரா" என்று கேட்டாலும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாதாடாதீர்கள். கரண்ட் இல்லாத மோட்டார் ஓடாது என்று நிரூபிக்கப் போகாதீர்கள். ஒத்தும் ஊதாதீர்கள். "உங்களுக்குத் தூக்கம் இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, தூக்கத்துக்காக மட்டும் ஒரு தடவை காட்டுவோம்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. அவர் யார் பேச்சைக் கேட்பாரோ அவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஏறியிருக்கும்போது மனைவி சொல் ஏறாது, சிநேகிதன் சொல் சில சமயம் ஏறும். ஏடிஎம் கார்டு, வண்டிச் சாவி, பத்திரம் எல்லாம் உங்கள் கைக்கு வரட்டும். ஒயர் கடைக்காரரிடம் இன்றைக்கே பேசுங்கள்.

தாராபுரத்தான்
மார்ச் 10, இரவு 10.15

எங்கள் அண்ணனுக்கும் எழுத்துதான் முதலில் மாறியது. சுவரெல்லாம் எழுதினான். நீங்கள் இரண்டு பேரும் நல்லா இருக்கணும். சீக்கிரம் கூட்டிப் போங்கள் சகோதரி.

வல்லிபுரம்
மார்ச் 11, காலை 7.00

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே பெண்களைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை என்றபடியால் இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

என்ர தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் தொடங்கியது. நித்திரை இல்லை. பச்சை உடம்புக்காரி, பிள்ளை அழுகிறது, நித்திரை இல்லைதானே என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஆனால் பிள்ளை உறங்கின நேரத்திலும் அவள் உறங்கவில்லை. வீட்டைக் கழுவினாள், அலுமாரியை இறக்கி அடுக்கினாள், இந்தப் பிள்ளை சாதாரணப் பிள்ளை இல்லை என்று எல்லாருக்கும் சொன்னாள். எட்டாம் நாள் பிள்ளையை ஒருவரும் தொடக் கூடாது என்று கதவைப் பூட்டினாள். அம்மா வேப்பிலை கட்டிப் பார்த்தா. நல்ல காலம், எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் நிறை பார்க்க வந்தவ, தங்கச்சியின் கதையைக் கேட்ட உடனேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டா.

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் இந்த நிலை ஆயிரம் தாய்மாரில் ஒருவருக்கோ இரண்டு பேருக்கோதான் வரும் என்றும், முதலே பைபோலார் உள்ள பெண்களுக்கு அதைவிடப் பல மடங்கு ஆபத்து என்றும் டொக்டர் விளங்கப்படுத்தினார். அவளுக்கு 19 வயதில் ஒருமுறை இப்படி வந்திருந்தது. பரீட்சைக் காலத்துப் பதற்றம் என்று மறந்துவிட்டோம். அதைக் கர்ப்பமாக இருந்தபோதே சொல்லியிருந்தால் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்திருக்கலாம். இப்போது அவள் சுகம், பிள்ளைக்கு நாலு வயது. இலங்கையில் இருப்பவர்களுக்கு: 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

கொங்குத்தம்பி
மார்ச் 11, இரவு 8.45

படித்தேன், எல்லாவற்றையும் படித்தேன். நான் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மாத்திரை என்றால் ஆயுசுக்கும் என்கிறார்கள், அதற்கு அடிமையாகிவிடுவார்கள் என்கிறார்கள். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் இருந்து சரியானவர்களை எனக்குத் தெரியும். அதை ஒரேயடியாகத் தள்ள முடியுமா?

சிஸ்டர் அக்கா
மார்ச் 11, இரவு 10.20

தள்ளச் சொல்லவில்லை தம்பி. நானும் குணசீலம் போயிருக்கிறேன். கோயிலோ தர்காவோ, அங்கே போனால் மனசு தேறுகிறது, குடும்பம் தனியாக இல்லை என்று தெரிகிறது. அதுவும் ஒரு மருந்துதான். இன்னொன்றும் யோசியுங்கள். மேனியா சிலருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தானாகவே இறங்கும். 48 நாள் எங்கே இருந்தாலும் அந்த இறக்கம் நடந்திருக்கலாம். அடுத்த அலை வரும்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. மருந்து அந்த அடுத்த அலைக்காகத்தான்.

மனநோய் உள்ளவர்களைத் தர்காவுக்குக் கூட்டிப் போகிற ஏர்வாடியை என்னால் மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தனியார் காப்பகம் ஒன்றில் தீ. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். அன்று வார்டில் வேலை செய்ய எங்கள் யாருக்கும் கை வரவில்லை. அவர்களில் எத்தனை பேர் இரண்டு வேளை மாத்திரையில் வீட்டில் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது அதே ஏர்வாடி தர்காவில் மருந்தும் துவா என்கிற பிரார்த்தனையும் சேர்ந்தே கிடைக்கிற ஏற்பாடு வந்திருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது.

அடிமையாவது பற்றி: மனநிலையை நிலைப்படுத்துகிற மாத்திரைகள் போதை தருபவை அல்ல. சர்க்கரைக்குச் சாப்பிடுகிற மாதிரி. உங்கள் மாமாவுக்கு நடந்தது கொடுமை. அதைச் செய்தது நோயா, ஊரா?

வார்னிஷ்வாசம்
மார்ச் 13, இரவு 10.00

சேர்த்துவிட்டோம். கை இன்னும் நடுங்குகிறது.

நடுநிசி அண்ணா சொன்ன மாதிரியே அவருடைய சிநேகிதர், லைன்மேனாக இருக்கிறவர், வந்து பேசினார். "மாப்ள, கலெக்டரைப் பார்க்கறதுக்கு முன்னாடி நாலு நாள் நல்லாத் தூங்கு, கண்ணு செவந்து கெடக்குது" என்றார். எனக்கு ஐந்து நாளாகக் கேட்காதது அவருக்கு ஐந்து நிமிஷத்தில் கேட்டது. அரசு மருத்துவமனைக்குத்தான் போனோம்.

மருத்துவர் அம்மா அவரிடம் அரை மணி நேரம் பேசினார். அப்புறம் என்னையும் அத்தையையும் தனியாகக் கூப்பிட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது?" என்று அதே கேள்வி. இல்லை என்றுதான் நான் சொன்னேன். அத்தை ரொம்ப நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "பாலிடெக்னிக் கடைசி வருஷம்" என்றார்கள். 21 வயதில் பத்து நாளைக்குள் மூன்று தடவை பழனிக்கு வெறுங்காலோடு நடந்தே போய்வந்தாராம். தூங்கவே இல்லையாம். முருகன் கூப்பிடுகிறார் என்றாராம். காவடி எடுக்கிற குடும்பம்தான், அதனால் பக்தி என்று எல்லோரும் பெருமைப்பட்டிருக்கிறார்கள். அப்புறம் நாலு மாதம் கட்டிலை விட்டு எழவில்லை, பரீட்சை போனது. ஒரு பெரியப்பாவும் வருஷத்துக்கு இரண்டு மாதம் வீட்டை விட்டுக் கிளம்பிக் காணாமல் போய்விடுவாராம். கல்யாணத்துக்கு முன் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணும்னு மறைக்கல கண்ணு, அது நோவுன்னே எனக்குத் தெரியாது" என்றார்கள். நம்புகிறேன்.

ஜனவரி மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மனநிலையை நிலைப்படுத்துகிற லித்தியம் மாத்திரையும், தூக்கத்துக்கும் வேகத்தை அடக்கவும் இன்னொரு மாத்திரையும் ஆரம்பித்திருக்கிறார்கள். ஒயர் கடைக்காரர் பிரிக்காத ரோல்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

நடுநிசி
மார்ச் 13, இரவு 11.10

படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் தங்கச்சி. 21 வயது, 38 வயது. நடுவில் 17 வருடம்.

லித்தியம் பற்றிப் பயமுறுத்துவார்கள், அதனால் அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியர்களிடம் மூன்று வருடத்துக்கு மேல் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பி மெல்போர்ன் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில், பயன்படுத்தாமல் கிடந்த சமையலறையைப் பரிசோதனைக்கூடமாக வைத்துக்கொண்டு வேலை செய்தார். மேனியாவில் இருந்த பத்துப் பேருக்கு லித்தியம் உப்பைக் கொடுத்துப் பார்த்து 1949-இல் எழுதினார். முதல் ஆளுக்கு ஐம்பது வயதுக்கு மேல், ஐந்து வருடமாக அடங்காத மேனியா. சில மாதத்தில் வீட்டுக்குப் போய்ப் பழைய வேலையிலும் சேர்ந்தார். ஆனால் மருந்தை விட்டதும் நோய் திரும்பியது. என் டாக்டர் இதை எனக்குச் சொன்ன அன்றுதான் நான் மாத்திரையை மறைத்துத் துப்புவதை நிறுத்தினேன்.

இனி வரப்போவதைச் சொல்லிவிடுகிறேன். அவர் இறங்குவார். இறங்கும்போது ஒயர் பில்லைப் பார்ப்பார், சுவரில் தட்டு பட்ட இடத்தைப் பார்ப்பார். அந்த வெட்கம் பொல்லாதது. வேகமும் விரக்தியும் ஒன்றாகக் கலந்து வருகிற நாட்களும் உண்டு, உயிருக்கு அதிக ஆபத்தான நாட்கள் அவைதான். "செத்துப் போகலாம்னு தோணுதாங்க?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. என் மனைவி கேட்டாள், நான் உயிரோடு இருக்கிறேன்.

மருத்துவ மாணவி 34
மார்ச் 14, காலை 8.15

நடுநிசி சார் சொன்னதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போடுகிறேன். லித்தியத்துக்குச் சில கட்டாயங்கள் உண்டு. ரத்தத்தில் அளவு பார்ப்பார்கள். முந்தின இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்கச் சொல்வார்கள், 1.5 தாண்டினால் நஞ்சு. கை பலமாக நடுங்குவது, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது இதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரை போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகமும் தைராய்டும் பார்க்க வேண்டும். வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், திடீரென்று உப்பைக் குறைத்தாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். மூட்டுவலி, முதுகுவலி என்று போடுகிற டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் அப்படியே. கிளினிக்கில் ஊசி போடும் முன் லித்தியம் சாப்பிடுகிறார் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் யாராவது இதைப் படித்தால்: வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்து கருவைப் பாதிக்கும், மருத்துவரிடம் முதலிலேயே பேசுங்கள்.

கொங்குத்தம்பி
மார்ச் 14, இரவு 9.00

அக்கா, நீங்கள் சேர்த்தது சரிதான். மாமாவைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். அவரும் ஏறி இறங்கினவர்தானாம். யாரும் அதை அப்படிப் பார்க்கவே இல்லை. இப்போது 58 வயது, படுத்தேதான் இருக்கிறார். இந்த வயதில் காட்டினால் பிரயோஜனம் உண்டா?

சிஸ்டர் அக்கா
மார்ச் 14, இரவு 9.25

உண்டு. 60 தாண்டி முதல் தடவை வந்து தேறினவர்களைப் பார்த்திருக்கிறேன். போகும்போது அம்மாவைக் கூட்டிப் போங்கள், பழைய கதை அவருக்குத்தான் தெரியும். ஏறின வருடங்கள், இறங்கின வருடங்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

தாராபுரத்தான்
மார்ச் 22, மாலை 6.30

நடுநிசி அண்ணா, திரும்ப வரப்போகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணனுக்குத் தெரிவதே இல்லை, எங்களுக்கும் தெரிந்தபாடில்லை.

நடுநிசி
மார்ச் 22, இரவு 10.40

ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அடையாளம் உண்டு, அதைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று தடவை ஆகும். எனக்கு, பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் போட ஆரம்பிப்பேன். பத்து வருடம் பேசாதவர்களுக்கும். இறங்கப் போகிறது என்றால் சவரம் செய்வதைத் தள்ளிப்போடுவேன். தினமும் காலண்டர் தாளில் மூன்று எழுதுகிறேன்: எத்தனை மணி நேரம் தூக்கம், மனசு எப்படி, எவ்வளவு செலவு. இரண்டு இரவு தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போனால் மூன்றாம் நாள் டாக்டருக்குப் போன். இதை நானும் மனைவியும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்தோம். உங்கள் அண்ணனிடம் அவர் நன்றாக இருக்கும்போது கேளுங்கள், நோயின் நடுவில் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் செய்து வைத்திருக்கிறேன். 2017 சட்டத்தில் முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று ஒன்று உண்டு. எனக்கு முற்றிவிட்டால் எப்படி வைத்தியம் செய்ய வேண்டும், எது கூடாது, என் சார்பில் முடிவெடுப்பது யார் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். முடிவெடுக்கிறவர் என்ற இடத்தில் என் அண்ணன் பெயரை எழுதினேன். பொறாமைக்காரன் என்று நான் கத்தினேனே, அதே அண்ணன்.

வார்னிஷ்வாசம்
ஏப்ரல் 27, இரவு 9.15

ரொம்ப நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். மார்ச் கடைசியில் வீட்டுக்கு வந்தார். நடுநிசி அண்ணா சொன்னபடியே ஒயர் பில்லைப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க அழுதார். கேட்டேன், நேராகவே கேட்டேன். "இல்ல, ஆனா உன் மூஞ்சியப் பார்க்க முடியல" என்றார். அடுத்த தடவை டாக்டர் அம்மாவிடம் அதையும் சொன்னோம்.

இப்போது கடைக்கு அரை நாள் போகிறார். லித்தியம் அளவு 0.7. இரவு பத்திலிருந்து காலை ஐந்தரை வரை தூங்குகிறார். மகள்தான் காலண்டரில் எழுதுகிறாள். அவளிடம் மறைக்கவில்லை, அப்பாவுக்கு என்ன என்று தெரியும். நேற்று வேலை நோட்டைப் பார்த்தேன். எழுத்து சின்னதாகிவிட்டது. பழைய அளவுக்கு வரவில்லை, விரல் லேசாக நடுங்குவதால் கொஞ்சம் கோணல். டாக்டர் அம்மா அது பயப்படும் நடுக்கம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. கடைக்குப் போகும்போது இரண்டு லிட்டர் பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். போன வாரம் மோட்டார் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. ஊசிக்குக் கிளம்பியவர் பாதி வழியில் எனக்குப் போன் போட்டு, "அந்த டைக்ளோ எனக்கு ஆகாதில்ல?" என்று அவரே கேட்டார். பாராசிட்டமாலோடு திரும்பிவிட்டார்.

ஒரு சிக்கல் வந்தது. அவர் குணமானால் உப்பில்லாமல் 21 நாள் விரதம் இருக்கச் செய்வதாக அத்தை மார்ச்சிலேயே வேண்டியிருக்கிறார்கள், அவர் பெயரில். மருத்துவ மாணவி எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் அடுப்பில் ரசம் இரண்டு பாத்திரத்தில் இருந்தது. அவருடையதில் எப்போதும் போடுகிற உப்பு. இன்னொன்று அத்தையுடையது, இன்றோடு ஆறு நாள் ஆகிறது.